ஒரு பெண் பாம்பு பல ஆண்களோடு சேர்ந்தால் குட்டிகளுக்கு யார் தகப்பன்?

ஒரே பருவத்தில் இரண்டு மூன்று ஆண் பாம்புகளோடு சேர்ந்த பெண் பாம்பின் குட்டிகள் யாருடையவை, கடைசியாகச் சேர்ந்ததன் பிள்ளைகளா, பலமானதன் பிள்ளைகளா, இல்லை எல்லாவற்றின் குணமும் கலந்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு குட்டிக்கு ஒரே தகப்பன்தான். ஆனால் ஒரு தாய் ஒரே தடவையில் ஈன்ற குட்டிகளுக்குள் பல தகப்பன்களின் பிள்ளைகள் இருக்கலாம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் வளர்ந்தவன். இப்போது உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சின்ன வயதில் ஒருநாள், சிறுபோக அறுவடை முடிந்த சமயம், வாய்க்கால் ஓரத்தில் இரண்டு பாம்புகள் முன்னுடலை நிமிர்த்தி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நின்றன. அம்மம்மா எங்களைத் தூரத்தில் மறித்து, "சாரையும் நாகமும் பிணையுது, கிட்டப் போகாதேங்கோ பிள்ளையள்" என்றார். புதூர் நாகதம்பிரானை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சாரை ஆண், நாகம் பெண் என்பது அவரின் நம்பிக்கை. வன்னியில் இன்றைக்கும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

படித்த பிறகுதான் விளங்கியது, அன்று நாங்கள் பார்த்த இரண்டுமே ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றது நிலத்தோடு அமுக்கப் பார்க்கும் பலப்பரீட்சை அது. உண்மையில் இணையும்போது பாம்புகள் நிலத்தோடு படுத்து, உடல் உரச, வால்களைப் பின்னிக்கொண்டு கிடக்கும். சாரையும் நாகமும் வேறு வேறு குடும்பங்கள், அவற்றுக்குள் குட்டி உண்டாகாது. உங்கள் கேள்விக்கு இது முக்கியம், ஏனென்றால் அந்தச் சண்டையில் தோற்ற சாரைக்கும் பிள்ளை இருக்கலாம். வென்றது விலகிப் போனபின் அதே பெண்ணை அது சந்தித்தால், பெண் அதையும் ஏற்றுக்கொள்ளக்கூடும்.

உள்ளே என்ன நடக்கிறது? பெண் பாம்பு விந்தணுக்களை முட்டைக் குழாயில் சேமித்து வைக்கும். முட்டைகள் தயாராகும் நேரத்தில் அங்கே இரண்டு மூன்று ஆண்களின் விந்தணுக்கள் ஒன்றாகக் காத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முட்டையோடும் ஒரு விந்தணு மட்டுமே கருக்கூடும். அதனால் முதல் முட்டை ஒருவருடையதாகவும் அடுத்தது வேறொருவருடையதாகவும் இருக்கலாம். கடைசியில் வந்தவருக்கோ பலசாலிக்கோ எல்லாம் போய்ச்சேரும் என்று ஒரு பொது விதி இல்லை. ஊரில் ஒரு பெட்டை நாய் ஒரே தடவையில் கறுப்பு, சிவலை, புள்ளி என்று குட்டி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே சோடிக்கும் பல நிறத்தில் குட்டி பிறக்கும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் நாயிலும் ஒரே ஈற்றில் பல தகப்பன்கள் நடப்பதுதான்.

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? டிஎன்ஏயில் ஆளுக்கு ஆள் மாறுகிற ஒரு இடத்தை எடுத்துக்கொள்வார்கள். தாயிடம் அந்த இடத்தில் இரண்டு வடிவங்கள் இருக்கும், அவற்றில் ஒன்றைத்தான் ஒவ்வொரு குட்டிக்கும் கொடுப்பாள். அதைக் கழித்தால் மிஞ்சுவது தகப்பன் கொடுத்தது. தகப்பனிடமும் இரண்டு வடிவங்கள்தான். ஆகவே எல்லாக் குட்டிகளையும் சேர்த்துப் பார்த்துத் தகப்பன் பக்கத்தில் மூன்று வடிவங்கள் வந்தால், குறைந்தது இரண்டு தகப்பன்கள். இப்படிப் பல இடங்களைப் பார்த்து உறுதி செய்வார்கள். ஒரே தகப்பனின் குட்டிகள் தங்களுக்குள் சராசரியாகப் பாதி மரபணுக்களைப் பகிரும், தகப்பன் வேறானால் காற்பங்கு. குணங்கள் பால் தேநீர் மாதிரிக் கலந்துபோவதில்லை. அல்பினோ, அதாவது நிறமி இல்லாமல் வெளிறிப் பிறந்த, மலைப்பாம்புப் பெண் ஒன்று, ஒரு அல்பினோ ஆணோடும் ஒரு சாதாரண நிற ஆணோடும் சேர்ந்தது என்று வையுங்கள். இரண்டு அல்பினோவுக்கும் ஒரே மரபணுவில்தான் குறை என்றால், சாதாரண நிறத்தில் வரும் குட்டி ஒவ்வொன்றும் அந்தச் சாதாரண ஆணின் பிள்ளைதான்.

பெண்ணுக்கு இதனால் என்ன லாபம்? தெற்கு சுவீடனில், மற்ற இடங்களிலிருந்து பிரிந்துபோன விரியன் பாம்புகளின் சிறு கூட்டம் ஒன்றை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகக் கவனித்தார்கள். அதிக ஆண்களோடு சேர்ந்த பெண்களுக்குச் செத்துப் பிறக்கும் குட்டிகளின் பங்கு குறைவு என்று 1992இல் எழுதினார்கள். சொந்தத்துக்குள்ளேயே இணைந்து இணைந்து நலிந்த கூட்டம் அது. அதே ஆண்டு வேறிடத்திலிருந்து 20 ஆண் பாம்புகளைக் கொண்டுவந்து விட்டு, நான்கு இணைசேரும் பருவங்கள் கழிய எடுத்துவிட்டார்கள். அவற்றின் பிள்ளைகள் வளர்ந்து வந்தபோது கூட்டம் மறுபடி பெருகியது. காடும் குளமும் துண்டு துண்டாகப் பிரிகிற நம் மண்ணில் இதை வாசிக்கும்போது எனக்கு மனம் பதைக்கும். வயலில் எலி பிடித்துத் தரும், நஞ்சே இல்லாத சாரையை மண்வெட்டியால் வெட்டிப் போடுகிறவர்களிடம் இப்போதும் சண்டைக்குப் போகிறேன்.

இரண்டு விசயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேமித்த விந்து அந்தப் பருவத்தோடு முடிந்துவிடாது. அமெரிக்காவில் ஒரு கிலுகிலுப்பை விரியன், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆண் துணையே இல்லாமல் அடைபட்டிருந்தும் 19 குட்டிகள் ஈன்றது, டிஎன்ஏயில் பார்த்தால் அவற்றுக்குத் தகப்பன் உண்டு. அதனால் இந்த ஆண்டுக் குட்டிக்கு என்றோ வந்துபோன ஆண்கூடத் தகப்பனாகலாம். மறுபுறம், சில பாம்புகள் தகப்பனே இல்லாமலும் குட்டியை உருவாக்கும். ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் ஒரு பர்மிய மலைப்பாம்பின் முட்டைகளில் இருந்த கருக்கள் தாயின் மரபணுவை மட்டுமே கொண்டிருந்தன என்று 2003இல் காட்டினார்கள்.

ஆண் குட்டியா பெண் குட்டியா என்பதைச் சாரை, நாகம், புடையன் போன்றவற்றில் தாயின் முட்டைதான் தீர்மானிக்கும், எத்தனை தகப்பன் என்றாலும் அது மாறாது. பர்மிய மலைப்பாம்பிலோ மனிதரைப்போல் தகப்பன் பக்கம் தீர்மானிப்பதாக 2017இல் கண்டார்கள்.

போன வருடம் வளவில் பழைய வைக்கோலைக் கிளறியபோது பொரித்துப்போன சாரை முட்டைக் கோதுகள் கிடைத்தன, பதினொன்று. "மாமா, இதில எத்தினை அப்பா?" என்று மருமகன் கேட்டான். கோதின் உள்ளே ஒட்டியிருக்கும் சவ்விலும், பாம்புச் சட்டையிலும் டிஎன்ஏ இருக்கும், ஆய்வுகூடம் இருந்தால் பார்க்கலாம் என்றேன். நன்றாக உலர்த்தி, ஒவ்வொன்றாகக் கடதாசி உறையில் போட்டு இலக்கமிட்டுப் பள்ளிக்கூட அலுமாரியில் வைத்திருக்கிறேன். மருமகன் இந்த ஆண்டு உயிரியல் பிரிவில் சேர்ந்திருக்கிறான்.