கறியை விட்டவர்களின் கேள்விகள்

ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஆட்டுக்கறி, நெய், முட்டை எல்லாம் நிறுத்திவிட்டேன். காலை ஐந்து இட்லி, பதினொரு மணிக்கு டீ, பிஸ்கட், மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று சோறு, இரவு தோசை. டிரைகிளிசரைடு 290! எப்படி?

உங்கள் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுகிறது, அதுதான் டிரைகிளிசரைடு. நெய்யை எடுத்த இடத்தில் இட்லியும் பிஸ்கட்டும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் மட்டும் இப்படியில்லை. ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின்படி இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது.

‘கொழுப்பைக் குறை’ என்று சொன்னவர்கள், பதிலுக்கு என்ன சாப்பிடுவது என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. அது என் பழைய கோபம். நெய், ஆட்டுக்கறி போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு நல்லெண்ணெய், கடலை, மீன் என்று போனால் இதயத்துக்கு லாபம். வெள்ளைச் சோறும் சர்க்கரையும் வந்தால் லாபம் ஒன்றுமில்லை.

மூன்று சுற்றை ஒன்றாக்குங்கள். மிச்ச இடத்தில் மத்தி மீன் குழம்போ கொண்டைக்கடலைச் சுண்டலோ, ஒரு கிண்ணம் பொரியலோ வரட்டும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), தைராய்டு இரண்டும் பாருங்கள். மது உண்டென்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அதுவும் டிரைகிளிசரைடை ஏற்றும்.

மஞ்சள் கருவைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்தான் என்ற உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டிகளே 2015-இல் எடுத்துவிட்டன. தினம் ஒரு முழு முட்டை பரவாயில்லை. சர்க்கரை நோயோ மிக அதிக எல்டிஎல்லோ (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை பரோட்டா வேறு கணக்கு. அதில் பிரச்சினை முட்டை இல்லை.

“கொலஸ்ட்ராலே பொய்” என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. அவர்கள் காட்டும், அமெரிக்காவில் நடந்த மினசோட்டா சோதனை உண்மைதான். 1968 முதல் 1973 வரை, நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகச் சோள எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தது, மரணம் குறையவில்லை. ஆனால் பங்கேற்றவர்கள் அந்த உணவில் இருந்தது சராசரியாக ஓராண்டு அளவுதான். இதயக் குழாயில் அடைப்பு சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். பரம்பரையாக எல்டிஎல் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே மாரடைப்பு வருகிறது. அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. கறி பற்றிய பழைய அறிவுரையைச் சந்தேகப்படுங்கள், சரி. அதற்காகக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

செக்குத் தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லதாமே?

செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் அதிலுள்ள கொழுப்பு ஒன்றுதான். அதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு நிறைவுற்றது. கடலை எண்ணெயைவிட எல்டிஎல்லை அதிகம் ஏற்றும். அவியலில் ஒரு கரண்டிக்குப் பயப்பட வேண்டாம். தினசரிப் பொரியலுக்கு மட்டும் வேறு எண்ணெய் வையுங்கள்.

வாரம் ஒரு நாள் ஆட்டுக்கறி?

சாப்பிடுங்கள். வெட்டும்போதே வெள்ளைக் கொழுப்பை எடுத்துவிடச் சொல்லி, வீட்டில் குழம்பாக வையுங்கள். பதப்படுத்திய சாசேஜ், சலாமி வேண்டாம். உப்பு அதிகம், போதாக்குறைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அவற்றைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலிலும் சேர்த்துவிட்டது. பிரியாணி என்றால் தட்டில் கறியைக் கூட்டிச் சோற்றைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.