இலக்கிய மாணவராக அண்மையில் படித்த நாவல்களில் எது உங்களைப் பாதித்தது?

இந்தப் பருவத்தில் மூன்று நாவல்கள் படித்தேன். அவற்றில் என்னை விடாமல் பிடித்திருப்பது அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'.

1948-இல் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்த காலம். ஆனால் ஐதராபாத்தை ஆண்ட நிஜாமோ, அவரை ஆதரித்த ஆயுதப் படையினரான ரஜாக்கர்களின் தலைவர்களோ கதையின் மையம் இல்லை. செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் சந்திரசேகரன்தான் மையம். வரலாறு அவனுக்கு வதந்தியாகவும், பழகியவர்களின் முகமாற்றமாகவும்தான் வந்து சேருகிறது. கலவர இரவில் அவன் ஓடி ஒளியும் வீட்டில், குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறுமி அவனிடம் தன்னையே தர முன்வருகிறாள். அந்த இடத்தில் ஆசிரியர் குரலை உயர்த்துவதே இல்லை. அழுகையையும் ஆவேசத்தையும் கொட்டியிருந்தால் அந்தப் பக்கங்கள் இவ்வளவு வலித்திருக்காது. அவன் அதுவரை வெறும் பார்வையாளன். அந்த நொடியில் அவனும் குற்றத்தில் பங்காளியாகிறான்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இதற்கு நேர் எதிர்: இந்தோனேசியாவின் மெடான், மலேசியாவின் பினாங்கு, இரண்டாம் உலகப்போர், மதுரைத் தெரு நினைவுகள் என்று பொங்கி வழிகிறது. முதல் சில அத்தியாயங்களில் திணறினாலும் விடாதீர்கள், தோணிப் பயணம் வரும்வரையாவது பொறுங்கள்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வை நேரில் கண்டு எழுதியது. உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னாச்சி மனதில் நிற்கிறாள். சில உரையாடல்களில் மட்டும் பாத்திரங்களை மீறி ஆசிரியரின் குரல் கேட்கிறது. ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் அசோகமித்திரனையே எடுங்கள்.