"போதும்" என்ற ஒரு சொல்: வட ஆற்காடு லுத்தரன்களின் கேள்விகளும் என் பதில்களும்

மார்ட்டின் லுத்தரின் சபைச் சீர்திருத்தத்தை நினைக்கும் அக்டோபர் 31, சீர்திருத்தத் திருநாள் நெருங்கினால் என்னிடம் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். நான் போதகர் இல்லை. சபையில் முப்பது வருடத்துக்கு மேலாக, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளை விசுவாசத்தில் பயிற்றும் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தவன், அவ்வளவுதான். என் அப்பா ஆம்பூர்ப் பக்கத்து மிசௌரி மிஷன் சபையில் வளர்ந்தவர். என் மனைவி திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பிள்ளை. ஆகவே கண்டிப்பும் தாராளமும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே நாற்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. இந்த வருடம் வந்த கேள்விகளில், அந்த இரண்டுக்கும் இடையே நான் சொல்லிவரும் நடுவழியைச் சுற்றி வந்தவற்றை எடுத்திருக்கிறேன்.

வேலூர், கல்லூரி மாணவர்: ஐயா, ஸ்தோத்திரம். லிபரல் லுத்தரன், கன்சர்வேடிவ் லுத்தரன் என்பதெல்லாம் அமெரிக்காக்காரர்கள் சண்டைதானே? நமக்கு எதற்கு?

அப்படித் தள்ளிவிட முடியாது தம்பி. நம்முடைய பழைய வட ஆற்காட்டு லுத்தரன் சபைகளின் பிறப்பிலேயே இந்தச் சண்டை இருக்கிறது.

1706-இல் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அந்த வேலை பின்னாளில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் கைக்கு வந்தது. அதிலிருந்து 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. ஆனால் அதற்கு முன்பே லைப்சிக் மிஷனிலிருந்து இரண்டு பிரிவுகள் நடந்துவிட்டன. முதலாவது, கார்ல் ஓக்ஸ். சபைக்குள் சாதியை மிஷன் பொறுத்துக்கொள்கிறது என்று அவர் வெளியேறி மேல்பட்டாம்பாக்கத்தில் வேலை தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அதை ஏற்றுக்கொண்டது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அதுதான். இரண்டாவது, 1890களில் நேதர், மோன் என்ற இரண்டு பேர். வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதில் மிஷன் தளர்ந்துவிட்டது என்று சொல்லி விலகி, மிசௌரி சினாடு என்ற அமெரிக்க லுத்தரன் சபையோடு சேர்ந்தார்கள். 1895-இல் நேதர் கிருஷ்ணகிரியில் தொடங்க, மோன் ஆம்பூரில் தங்கினார். அதுதான் இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை.

இப்போது நீயே சொல். சாதியை எதிர்த்து வெளியேறினவர் லிபரலா (தாராளமானவரா), கன்சர்வேடிவா (கண்டிப்பானவரா)? அந்தக் காலத்தில் அவரைத்தான் "மிகவும் கண்டிப்பானவர்" என்று சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு அதே நிலையை எடுத்தால் லிபரல் என்பார்கள். இந்த இரண்டு சொற்களை வைத்து நம் சபைகளை அளந்தால் கணக்கு தப்பித்தான் வரும்.

ஆம்பூர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்: அண்ணே, நடுவழி, நடுவழி என்கிறீர்கள். இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வதா?

இல்லை. பாதிப் பாதி எடுத்தால் இரண்டும் கெட்டான்தான் ஆகும்.

1530 ஜூன் 25 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசர் முன்னால் வாசிக்கப்பட்ட லுத்தரன்களின் விசுவாச அறிக்கையின் ஏழாவது பிரிவை எடுத்துப் பாருங்கள். சபையின் ஒருமைக்கு எது தேவை என்று அங்கே கேள்வி. சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட வேண்டும், ஞானஸ்நானம், திருவிருந்து என்ற திருவருட்சாதனங்கள் சரியாகக் கொடுக்கப்பட வேண்டும், இவற்றில் ஒத்துப்போனால் "போதும்" என்கிறது. மனிதர் ஏற்படுத்திய முறைமைகளும் சடங்குகளும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை என்று அடுத்த வரியிலேயே சொல்கிறது. என் நடுவழி முழுவதும் அந்த ஒரு "போதும்" மேல்தான் நிற்கிறது. கண்டிப்பானவர்கள் அந்தப் "போதும்" என்பதோடு பத்து விஷயம் சேர்க்கிறார்கள். தாராளமானவர்கள் அதிலிருந்தே இரண்டைக் கழிக்கப் பார்க்கிறார்கள்.

குருப்பட்டம் பெறுகிறவர் அறிக்கைகளை ஏற்று வாக்குக் கொடுப்பதிலும் பழைய வழக்கு ஒன்று உண்டு. "வேதத்துக்கு ஒத்திருப்பதால் ஏற்கிறேன்" என்பது ஒரு கட்சி. "வேதத்துக்கு ஒத்திருக்கும் அளவுக்கு ஏற்கிறேன்" என்பது இன்னொரு கட்சி. நான் "ஒத்திருப்பதால்" பக்கம். "அளவுக்கு" என்று சொன்னால் எதையும் ஏற்றதாகச் சொல்லிவிடலாம், வாக்குக்கு எடையே இருக்காது. இதில் நான் கன்சர்வேடிவ்தான், மறைக்கவில்லை. ஆனால் நான் ஏற்ற அந்த அறிக்கையே பல விஷயங்களில் எனக்குச் சுதந்திரம் கொடுக்கிறது. அதையும் சேர்த்துத்தான் ஏற்றிருக்கிறேன்.

வாணியம்பாடி, ஆசிரியை: வேதத்தில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை என்று நம்பாவிட்டால் லுத்தரன் இல்லையா?

லுத்தரையே பாருங்கள் அக்கா. 1522 புதிய ஏற்பாட்டு முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை "வைக்கோல் நிருபம்" என்று எழுதினார். ஆனாலும் அதைக் கிழித்து எறியவில்லை, மொழிபெயர்த்து உள்ளேயே வைத்தார். பழைய ஏற்பாட்டு முன்னுரையில், வேதம் கிறிஸ்து கிடத்தப்பட்ட முன்னணை (மாட்டுத் தீவனத் தொட்டி), அவரைச் சுற்றிய துணி என்றார். எனக்கு அந்த வாக்கியம் போதுமானதாக இருக்கிறது. முன்னணையில் இருக்கிற ஒவ்வொரு வைக்கோலையும் எண்ணிக் கணக்குச் சொல் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதே நேரம் முன்னணையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். பிள்ளையை நாம் கண்டது அங்கேதான்.

குடியாத்தம், இல்லத்தரசி: என் மருமகள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளை. எங்கள் சபையில் அவளுக்குத் திருவிருந்து கொடுக்கலாமா, கூடாதா என்று வீட்டிலேயே சண்டை. நீங்கள் சொல்லுங்கள்.

அம்மா, இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் பேச முடியாது. என் தங்கை கல்யாணமான வருடம். அவளோடு அவள் நாத்தனாரும் எங்கள் சபைக்கு வந்திருந்தாள். சபையின் பெயர் வேண்டாம். எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போக, அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒருவர் வந்து காதருகே குனிந்து, "நீங்கள் உட்கார்ந்திருங்கள்" என்றார். அவள் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை மடியில் எடுத்துவைத்து, ஓரத்துச் சரிகையை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள், கடைசி ஆள் திரும்பி வரும்வரை. அப்புறம் அவள் எங்கள் ஆராதனைக்கு வந்ததே இல்லை.

ஆனாலும் அந்த விதிக்குப் பின்னால் இருக்கிற காரணத்தை நான் இகழமாட்டேன். அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே கொடுக்கப்படுகிறது என்று நம்புகிறோம். 1529-இல் மார்பர்க்கில் லுத்தர், அப்பம் வெறும் அடையாளம் என்ற சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்ளியோடு உட்கார்ந்து, மேசையில் சாக்குக்கட்டியால் "இது என் சரீரம்" என்று எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினார். அற்ப விஷயமாக இருந்தால் அப்படிச் செய்திருப்பாரா? எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து பெற வேண்டும் என்று ஒரு சபை கேட்பது அன்பில்லாமை ஆகாது.

என் யோசனை இது. ஞாயிற்றுக்கிழமை பீடத்தண்டையில் முடிவு செய்யாதீர்கள். சனிக்கிழமையே மருமகளோடு போதகரையாவைப் போய்ப் பாருங்கள். அவர் அவளிடம் ஒரே கேள்வி கேட்கட்டும்: "இங்கே உனக்குக் கொடுக்கப்படுவது என்ன?" "ஆண்டவருடைய சரீரமும் இரத்தமும், என் பாவமன்னிப்புக்காக" என்று அவள் மனதாரச் சொன்னால், பல போதகர்கள் கொடுப்பார்கள். உங்கள் போதகர் சபை விதிப்படி முடியாது என்றால் அதையும் அவளிடம் அன்றைக்கே, வீட்டில் வைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஒருவரையும் கூட்டத்துக்கு நடுவில் உட்காரவைக்காதீர்கள்.

ராணிப்பேட்டை, இளைஞர்: பெண் போதகர் விஷயத்தில் உங்கள் நிலை என்ன? நழுவாமல் சொல்லுங்கள்.

நழுவவில்லை. டென்மார்க் சபை 1948-இல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. ஸ்வீடன் 1958-இல் தீர்மானித்து 1960-இல் கொடுத்தது. நம் தமிழ்நாட்டு லுத்தரன் சபைகளுக்குத் தாய்ச் சபைகள் இவை. மிசௌரி வழியில் இன்றுவரை இல்லை. பவுலின் வார்த்தைகளைச் சொல்லி மறுக்கிறவர்களின் மனச்சாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் ஆக்ஸ்பர்க் அறிக்கை ஊழியத்தைப் பற்றிப் பேசும்போது, விசுவாசம் உண்டாகவே இந்த ஊழியம் ஏற்படுத்தப்பட்டது என்கிறது. என் மனைவியின் ஊர்ப்பக்கம் ஒரு போதகரம்மா பிரசங்கம் கேட்டு நான் அழுதிருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சுவிசேஷம்தான் கொடுக்கப்பட்டது. கொடுக்கலாம் என்பதே என் நிலை. கொடுக்காத சபையோடு உறவை முறிக்கக்கூடாது என்பதும் என் நிலைதான்.

அரக்கோணம், பாடகர் குழு: கீபோர்டு, டிரம்ஸ் வந்தபிறகு பாமாலை போய்விட்டது. பெரியவர்கள் கோபப்படுகிறார்கள்.

டிரம்ஸ் பாவமில்லை. ஆனால் பாவ அறிக்கையையும் பாவமன்னிப்பு வார்த்தையையும் வெட்டி அந்த நேரத்தில் இரண்டு பாட்டு அதிகம் பாடினால், அது பாட்டுப் பிரச்சினை இல்லை. ஒரு பாமாலை, ஒரு கீர்த்தனை, ஒரு புதுப்பாட்டு என்று வையுங்கள். சண்டை முக்கால்வாசி அடங்கிவிடும்.

காட்பாடி, ஒரு தாய்: மகன் வேலைக்கு அமெரிக்கா போகிறான். அங்கே எந்த லுத்தரன் சபைக்குப் போகச் சொல்வது?

அங்கே பெரிய சபைகள் இரண்டு. 1847-இல் தொடங்கிய மிசௌரி சினாடு கண்டிப்பானது. பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை, திருவிருந்தில் தங்கள் ஐக்கியத்தாரை மட்டும் சேர்ப்பதுதான் அவர்கள் முறை. 1974-இல் அவர்களுடைய செயின்ட் லூயிஸ் செமினரியில் வேத ஆராய்ச்சி பற்றிய தகராறில் பெரும்பாலான பேராசிரியர்களும் மாணவர்களும் வெளிநடப்பே செய்தார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. இன்னொன்று 1988-இல் மூன்று சபைகள் சேர்ந்து உண்டான அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் சபை. அது தாராளமானது. 2009-இல் ஒருபால் துணையோடு வாழ்கிறவர்களும் போதகராகலாம் என்று அது தீர்மானித்தபிறகு, ஒரு பகுதியினர் பிரிந்து 2010-இல் வட அமெரிக்க லுத்தரன் சபையைத் தொடங்கினார்கள். அவர்களிடம் பெண் போதகர்கள் உண்டு, மற்றபடி பழைய போதனை. நடுவில் நிற்க நினைக்கிறவர்கள் பலர் அங்கே போனார்கள்.

ஆனால் அம்மா, பெயர்ப்பலகையைப் பார்த்து மகனை அனுப்பாதீர்கள். மூன்று ஞாயிறு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். "உன் பாவம் கிறிஸ்துவுக்காக மன்னிக்கப்பட்டது" என்று பிரசங்கத்தில் அவன் காதில் விழுந்ததா, இல்லை அரசியலோ அறிவுரையோ மட்டும்தான் விழுந்ததா என்று போனில் கேளுங்கள். இரண்டு வகைச் சபையிலும் அறிவுரை மட்டும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பேரணாம்பட்டு, பெயர் வேண்டாம் என்றவர்: சபையில் உட்காரும் இடம், கல்லறைத் தோட்டம், சம்பந்தம் எல்லாம் பெரியவர்கள் வழக்கப்படி இருக்கட்டும், அதுதானே கன்சர்வேடிவ் என்கிறார்கள்.

இல்லை ஐயா. இதில் நடுவழியே கிடையாது.

தரங்கம்பாடி நாளிலிருந்து நம் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரவைத்தார்கள் என்பது உண்மை. அது வெறும் சமூகப் பழக்கம், விசுவாசத்தைத் தொடாத விஷயம் என்று லைப்சிக் மிஷனில் வாதாடினார்கள். படித்தவர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள்தான். ஆனால் தவறினார்கள். 1577-இல் லுத்தரன்கள் எழுதின இணக்க அறிக்கையின் பத்தாவது பிரிவு, வேதம் கட்டளையிடாத, தடுக்கவும் செய்யாத சடங்குகளைப் பற்றிப் பேசுகிறது. சாதாரண நாளில் அவை விருப்பம்போல. விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய நேரம் வந்தால், சின்ன விஷயம் என்று எதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறது. ஒரே பாத்திரத்திலிருந்து குடித்துவிட்டு வந்து வேறு வேறு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவன், குடித்தது என்ன என்று மறுக்கிறான். "போதும்" என்று எழுதினவர்கள் இதைப் போதும் என்று எழுதவில்லை. என்னைப் பொறுத்தவரை இதுதான் கன்சர்வேடிவ் பதில்.

திருப்பத்தூர், வங்கி ஊழியர்: 1947-இல் சி.எஸ்.ஐ. உருவானபோதே அதில் சேர்ந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லையே?

பேசிப் பார்த்தார்கள். 1948 முதல் பத்து வருடத்துக்கு மேல் லுத்தரன்களும் சி.எஸ்.ஐ.யும் உட்கார்ந்து திருவிருந்து, நியாயப்பிரமாணம், சுவிசேஷம் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போனார்கள். ஆனாலும் சபைகள் இணையவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சோளிங்கர், இளம் தந்தை: பெந்தெகொஸ்தே நண்பர்கள் மறுபடி முழுக்கு எடுக்கச் சொல்கிறார்கள். தாராள மனதோடு போய்விட்டு வரலாமா?

வேண்டாம் தம்பி. என் பேரன் ஏழாம் மாதத்தில் பிறந்தான். இரவு இரண்டு மணி, போதகர் வர வழியில்லை. என் மனைவி நர்ஸிடம் கேட்டு, சுத்தமான தண்ணீரில் பஞ்சை நனைத்து, கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, அந்தச் சின்னத் தலையில் மூன்று தரம் பிழிந்தாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே. மூன்று துளிதான். அவசர ஞானஸ்நானம் எந்த விசுவாசியும் கொடுக்கலாம், பின்னால் போதகர் சபையில் அதை உறுதிப்படுத்துவார், மறுபடி கொடுக்கமாட்டார். பேரன் இப்போது கிரிக்கெட் ஆடுகிறான். அந்தக் குழந்தை அன்றைக்கு எதையும் தீர்மானிக்கவில்லை, ஆண்டவர்தான் செய்தார். இதில் லிபரலும் கன்சர்வேடிவும் ஒரே வரிசையில் நிற்கிறோம்.

வேலூர், சபைச் செயலாளர்: இந்த வருடம் திடப்படுத்தலுக்கு இரண்டே பிள்ளைகள். எங்கிருந்து தொடங்குவது?

1529-இன் சிறிய ஞானோபதேசத்திலிருந்துதான். ஆனால் எட்டாம் கட்டளையை முதலில் எடுங்கள், பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது. அயலானைப் பற்றி நல்லதைப் பேசி, அவன் செய்ததற்கு நல்ல அர்த்தமே கொள்ள வேண்டும் என்று லுத்தர் அங்கே விளக்கம் சொல்கிறார். மற்ற சபைக்காரரைப் பற்றிப் பேசப் போகும் பிள்ளைகள் இதைக் கற்றபின் பேசட்டும். என்னிடம் அப்பாவுடைய பிரதி இருக்கிறது, முதுகு கிழிந்து வேட்டி நூலால் தைத்தது. ஞாயிறு நாலு மணிக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள்.