துடுப்பைத் தொடாதவர் காலேஜ் படகில் ஏறலாமா?

திருமங்கலத்துப் பக்கமிருந்து இங்கிலாந்துக்குப் படிக்க வந்த தம்பி கேட்டிருக்கார்: காலேஜ் ரோயிங் டீமுக்குக் கூப்பிடுறாங்க, வைகையில முழங்கால் தண்ணிதான் பார்த்திருக்கேன், சேரலாமா?

தாராளமா சேருங்க தம்பி. நாவிஸ் டீமுன்னு வச்சிருக்கிறதே துடுப்பைத் தொடாதவங்களுக்குத்தான். அக்டோபர்லயே பேர் கொடுத்துடுங்க. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு டெர்முக்குப் பாடமே 8 வாரந்தான். லேட்டாப் போனா எட்டுப் பேரும் செட் சேர்ந்திருப்பாங்க.

நீச்சல் கேட்பாங்க: உடுப்போட 50 மீட்டர், அப்புறம் 2 நிமிஷம் நின்ன இடத்துலயே மிதக்கணும். தோட்டத்துக் கிணத்துல குதிச்சுப் பழகினவருக்கு இது பெரிசில்ல. தெரியாதுன்னா மறைக்காதீங்க, லைஃப் ஜாக்கெட் பெரும்பாலும் படகை ஓட்டி வழிநடத்துற காக்ஸுக்கு மட்டுந்தான். கவிழ்ந்தா கரைக்கு நீந்தக் கூடாது, படகையே பிடிச்சுக்கிடணும். அந்தக் குளிர்ல கைகால் சீக்கிரம் மரத்துரும்.

எட்டுப் பேர் படகு 17 மீட்டருக்கு மேல நீளம், எடை ஏறக்குறைய 100 கிலோ. அடிப்பக்கம் முட்டை ஓடு மாதிரி. ஏறும்போது மிதிக்கிறதுக்குன்னு இருக்கிற பலகையில மட்டும் கால் வைங்க, தவறினா ஓட்டை விழுந்துரும்.

இது கை வேலைன்னு நினைச்சுத்தான் ஜிம் பசங்க ஏமாறுறாங்க. சீட்டு உருளும், செருப்பில்லாம படகோடயே பூட்டின ஷூவுக்குள்ள கால் இருக்கும், பாதி பலத்துக்கு மேல அந்த மிதியிலதான். இழுக்கையில கால், இடுப்பு, கை. திரும்பையில கை, இடுப்பு, கால். கைப்பிடி கால் முட்டியைத் தாண்டுறதுக்கு முன்னாடி காலை மடக்கினா, அதை முட்டிக்கு மேல தூக்க வேண்டிவரும். உடனே துடுப்பு தண்ணிக்குள்ள ஆழமாப் போயிரும், படகு ஒரு பக்கம் சாயும்.

துடுப்பு உங்க வலப்பக்கம் நீண்டிருந்தா வலது கைதான் உள்கை. துடுப்பு நுனியில இருக்கிற அகலமான இலையைத் திருப்புறது அது மட்டும். வெளிக்கை இழுக்கவும் அழுத்தவும். ரெண்டு கையாலயும் இறுக்கித் திருப்பினா மணிக்கட்டு வீங்கும்.

எல்லாருக்கும் ஒரு தடவையாவது வர்றது ‘நண்டு’. இலை தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டு கைப்பிடி வயித்துல வந்து இடிக்கும். வெளியே எடுக்கிறதுக்கு முன்னாடியே படுக்கைவாக்குல திருப்புறதுதான் காரணம். முதல்ல கைப்பிடியை மடியை நோக்கி அழுத்தி இலையை நேராவே தூக்குங்க, அப்புறம் திருப்புங்க. மாட்டிக்கிட்டா மல்லுக்கட்டாதீங்க, மல்லாக்கச் சாய்ஞ்சு தலைக்கு மேல போக விட்டுருங்க.

கரையில எர்க்ன்னு சொல்ற, துடுப்புப் போடுற மாதிரி இழுக்கிற மெஷின்ல பழக்குவாங்க. இழுக்கிற பாரத்தைக் கூட்டிக் குறைக்க அதோட பக்கத்துல இருக்கிற நெம்புகோலை 10-ல வச்சா வீரம்னு நினைக்காதீங்க, முதுகு போயிரும். 3-லருந்து 5 போதும்.

கிளவுஸ் வேண்டாம், துடுப்போட உணர்வு போயிரும். கொப்புளம் எப்படியும் வரும். கிள்ளாம பிளாஸ்டர் ஒட்டுங்க. ஆத்துத் தண்ணியில எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு இருக்கு, கை கழுவாம வாழைப்பழத்தைத் தொடாதீங்க. தொளதொளன்னு டீ-சர்ட் போட்டா சீட்டுச் சக்கரத்துல சிக்கும்.

ஒல்லியா இருந்து, சத்தமும் கணீர்னு இருந்தா காக்ஸ் ஆகுங்க. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிறது அவர்தான். மத்த எட்டுப் பேரும் போற திசைக்கு முதுகு. காக்ஸ் பேர் சொல்லாம எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். படகு மூக்குக்கிட்ட 1, காக்ஸ் முகத்துக்கு நேரா 8. உங்க எண்ணைத் தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடியே மனசுல ஏத்திக்கோங்க.