பாங்காக்கில் ஐந்து நாள் – கடிதம்

வணக்கம் ஐயா,

நானும் மனைவியும் பாங்காக் போகிறோம். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் வெளிநாட்டுப் பயணம். மார்கழியில் திருவெம்பாவை பாடுவது ஒருநாளும் தவறக்கூடாது என்று அவள் சொன்னதால், தை பிறந்ததும் கிளம்புகிறோம். பயண ஏற்பாட்டாளர் ஐந்து நாளில் பத்தொன்பது இடம் எழுதித் தந்திருக்கிறார். அவள் சைவம், நான் எதையும் சாப்பிடுவேன். அங்கே அவளுக்குச் சாப்பாடே கிடைக்காது, புளிக்காய்ச்சல் கட்டிக்கொண்டு போங்கள் என்கிறார்கள். எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

– ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

பத்தொன்பதில் பன்னிரண்டை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

நாங்கள் முதல்முறை போனபோதும் இப்படி ஒரு பட்டியல் கையில் இருந்தது. இரண்டாம் நாள் மதியம் அரண்மனை வாசலில் என் மனைவி செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினாள். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. நான் சொன்னது, “இன்னும் மூணு இடம் பாக்கி.” அதைச் சொன்னதற்கு இன்றும் வருந்துகிறேன். மறுநாள் வேனை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஆற்றுப் படகில் ஏறினோம். அதற்கப்புறம்தான் அந்த ஊர் எங்களுக்குப் பிடித்தது.

நீங்களும் படகிலிருந்தே தொடங்குங்கள். வான்ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு நம் டவுன் பஸ் மாதிரி. ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பிக்குகள் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். நடத்துநர் நீளமான தகரக் குழாயைக் கலகலவென்று குலுக்கிக்கொண்டே வருவார். சில்லறையும் டிக்கெட்டும் அதற்குள். படகு துறையை நெருங்கும்போது பின்னால் நிற்கிறவர் ஊதும் விசிலைக் கேட்டுத்தான் ஓட்டுநர் ஒதுக்குவார். சாவ் பிரயா ஆற்றின் காற்று முகத்தில் அடிக்க அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாலே அலுப்பு போய்விடும்.

தா தியன் துறைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். இந்தக் கரையில் வாட் போ என்ற புத்தர் கோயில். அங்கே சயனித்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். கூட்டம் முகத்தருகே நிற்கும், நீங்கள் பாதத்தருகே போங்கள். உள்ளங்காலில் 108 மங்கலச் சின்னங்களைச் சிப்பியால் இழைத்திருக்கிறார்கள். பின்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்கலாம். என் மனைவி போட்டுக்கொண்டு போக, நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ணங் ணங் சத்தத்தை மட்டும் கேட்டேன். வெயில் தாழ்ந்ததும் தோணியில் அக்கரைக்குப் போனால் வாட் அருண். அருணோதயத்தின் அருணன்தான். தூரத்தில் வெறும் கோபுரமாகத் தெரிவது, கிட்டே போனால் சீனப் பீங்கான் துண்டுகளைப் பதித்துச் செய்த பூக்கள். தொட்டுவிடும் தூரத்தில் நின்று பாருங்கள்.

அரண்மனைக்குப் போவதென்றால் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். வெளியே யாராவது “இன்று மூடியிருக்கிறது” என்றால் நம்பாமல் நேரே வாசலுக்கு நடங்கள்.

சரி, உங்கள் மனைவியின் திருவெம்பாவைக்கு வருகிறேன். பட்டியலில் இல்லாவிட்டாலும் வாட் சுதாட் கோயிலின் முன்னால் இருக்கும் ராட்சத ஊஞ்சலுக்கு அவரைக் கூட்டிப்போங்கள். செந்நிறத் தேக்கு மரங்கள் வானத்தில் நிற்கும், ஊஞ்சல் பலகை இருக்காது. சிவன் பூமிக்கு வருவதைக் கொண்டாடும் விழாவில் 1935 வரை அதில் ஆடினார்கள். விழாவின் பெயர் திரியம்பாவாய். ஆமாம், திருவெம்பாவையேதான்! ஆட்டம் நின்றுபோனாலும் சடங்கு நிற்கவில்லை. பக்கத்திலேயே 1784-இல் கட்டிய தேவஸ்தான் என்ற சின்ன வெள்ளைக் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் நம் பதிகத்தை ஓதி வந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்மாறி, உச்சரிப்பு நம் காதுக்குப் பிடிபடாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அர்த்தம் மறந்த பிறகும் விடாமல் சொல்லியிருக்கிறார்களே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. மார்கழி முழுக்கப் பாடிவிட்டு வருகிற ஒருவர் அங்கே நிற்பதற்கு ஈடாக நான் வேறெதையும் சொல்லமாட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி பயம் வேண்டாம். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை ‘ஜே’ கடை. அங்கே கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள். மற்ற இடங்களில் ‘மங்சவிரத்’ என்று சொல்லச் சொல்லுங்கள். மாம்சம் விலக்கியவர் என்ற அதே வடசொல்தான். கூடவே ‘மை சாய் நாம் பிளா’, அதாவது மீன் சாறு ஊற்றாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் கீரையிலும் ஊற்றிவிடுவார்கள். பப்பாளிக்காயைச் சீவி, எலுமிச்சை, பனைவெல்லம், மிளகாய் போட்டு உரலில் இடிக்கும் சோம் தம் சாலட்டில் கருவாட்டு இறாலும் போடுவார்கள். வேண்டாமென்று சொல்லி, உரலையும் கழுவிவிட்டு இடிக்கச் சொல்லுங்கள், செய்வார்கள். மாம்பழத்தோடு வரும் சோற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் கவுனி போல ஒட்டும் வெள்ளை அரிசி, மேலே உப்புக் கரிக்கும் தேங்காய்ப்பால், பொரித்த பாசிப்பருப்பு. ஒரு தட்டு வாங்கி இருவரும் சாப்பிடுங்கள்.

உங்களுக்குப் படகு நூடுல்ஸ். ஆடும் படகில் கைமாற்றிக் கொடுத்த காலத்துப் பழக்கத்தால் கிண்ணம் சிறியது. கறுத்த குழம்பில் ரத்தமும் கலப்பார்கள், தெரிந்தே சாப்பிடுங்கள். யோவாராத் சீனத் தெருவுக்கு இருட்டிய பிறகு, அரை வயிறோடு போங்கள்.

கடைசி நாளுக்கு எதுவும் எழுதிவைக்காதீர்கள். காலையில் மறுபடி ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறி நொந்தபுரி வரை போங்கள். திரும்பும் வழியில் உங்கள் மனைவி கைகாட்டுகிற துறையில் இறங்குங்கள். எந்தத் துறை என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.