எஞ்சின் சத்தம் குறைந்தபோது

அன்புள்ள சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். வயது 61. ஊர் மணப்பாறை பக்கம். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், அடுத்த மாதம் பிரசவம். திருச்சியிலிருந்து நேரடி விமானம், நான்கு மணி நேரம்தான் என்கிறார்கள். மனைவி எப்போதோ பெட்டி கட்டிவிட்டாள். நான்தான் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை ஒரே ஒருமுறை விமானத்தில் போயிருக்கிறேன், சென்னையிலிருந்து டெல்லிக்கு. மேலே எழும்பி ஒரு நிமிடம் ஆகியிருக்கும், எஞ்சின் சத்தம் சட்டென்று குறைந்தது. விமானம் இறங்குகிறது என்று வயிறு சொன்னது. எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணைக் கவனித்தேன். முகம் இறுகிப்போய், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருந்தாள். அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நடுவானில் குலுக்கல் வேறு. இறக்கை மேலும் கீழும் ஆடியதைக் கண்ணால் பார்த்தேன். டிக்கெட் காசு போனால் போகட்டும் என்று திரும்பி வரும்போது ரயிலில் வந்துவிட்டேன்.

2024 அக்டோபரில் ஷார்ஜா விமானம் திருச்சிக்கு மேலே சுற்றியபோது டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அகமதாபாத். விமானம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்கிறார் மருமகன். உண்மையா? நீங்களும் பயந்தவர்தான் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள்.

ஆர்.

*

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

முழுசாகப் போகாது. எனக்குப் போகவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து பயப்படுவது வேறு, தெரியாமல் பயப்படுவது வேறு. முதல் வகைப் பயத்தோடு நான்கு மணி நேரம் உட்காரலாம், கொஞ்சம் தூங்கக்கூடச் செய்யலாம். மருமகன் சொன்னது முக்கால்வாசி சரி.

சாலை விபத்தோடு ஒப்பிடுகிற புள்ளிவிவரத்தை நான் சொல்லப்போவதில்லை. அதை இந்நேரம் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கணக்கு சரிதான், ஆனால் வயிற்றுக்குக் கணக்கு தெரியாது. ‘இப்போது ஏன் சத்தம் குறைந்தது?’ என்றுதான் அது கேட்கும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓடுபாதையிலிருந்து கிளம்ப நிறைய விசை வேண்டும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடி உயரம் போனபின் அவ்வளவு தேவையில்லை. ஏறுவதற்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள். கொடைக்கானல் பஸ் கொண்டை ஊசி வளைவில் அலறிவிட்டு, கியர் மாற்றியதும் தணியும் அல்லவா, அந்த மாதிரி. எஞ்சின் தேய்மானமும் மிச்சம், கீழே குடியிருப்பவர்களுக்கு இரைச்சலும் மிச்சம். கூடவே மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகம் கூட்டுகிறார்கள், இறக்கையின் பின்னால் நீட்டி வைத்திருந்த ஃபிளாப்புகளை உள்ளே இழுக்கிறார்கள். இத்தனைக்கும் விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இறங்குகிறோம் என்று புரளி கிளப்புவது உங்கள் காது. உட்காதில் இருக்கும் பொடிக்கற்களுக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுவது மட்டும்தான் தெரியும். வேகமாக ஏறிக்கொண்டிருந்தது கொஞ்சம் நிதானமாக ஏறத் தொடங்கினால், ‘விழுகிறோம்’ என்று மூளைக்குத் தந்தி அடித்துவிடும். அந்த நேரத்தில் சன்னல் வழியே பாருங்கள். வீடுகள் சின்னதாகிக்கொண்டேதான் போகும்.

கிளம்பியவுடன் காலடியில் ‘தொம்’ என்று கேட்டால் சக்கரம் உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டது என்று அர்த்தம். ஏர்பஸ் 320 வகை என்றால், தரையில் நிற்கும்போது இருக்கைக்குக் கீழே யாரோ மரம் அறுப்பதுபோல, சிலருக்கு நாய் குரைப்பதுபோல, விட்டுவிட்டு ஒரு சத்தம் வரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு ஹைட்ராலிக் அமைப்பில் இருக்கும் அழுத்தத்தைக் கொண்டு இன்னொன்றில் அழுத்தம் ஏற்றும் கருவி அது. முதல்முறை கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தப் பணிப்பெண்ணைப் பற்றிய உங்கள் வரிகளைத்தான் இரண்டு முறை படித்தேன். நீங்கள் பார்த்தது சரி, படித்துக்கொண்ட பொருள்தான் தப்பு. விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அவர்கள் மனதுக்குள் ஒத்திகை பார்க்கவேண்டும் என்பது பயிற்சியிலேயே உண்டு. இப்போது ஏதாவது ஆனால் எந்தக் கதவு என்னுடையது, அதை எப்படித் திறப்பது, என்ன சொல்லிக் கத்துவது, உதவிக்கு யாரைக் கூப்பிடுவது. கைகளைத் தொடைக்கடியில் வைப்பதும் திடீர் அதிர்ச்சியில் கை வீசிப்போகாமல் இருக்கத்தான். தேர்வறை வாசலில் கடைசியாக ஒருமுறை சூத்திரத்தைச் சொல்லிப் பார்க்கும் பிள்ளைகளை முப்பது வருடம் பார்த்திருப்பீர்களே, அதே முகம். இரவில் இறங்கும்போது விளக்கைத் தணிப்பதும் அப்படித்தான். ஒருவேளை இருட்டில் வெளியேற வேண்டி வந்தால் கண் முன்கூட்டியே இருட்டுக்குப் பழகியிருக்கட்டும் என்று. சன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வது வெளியே எந்தப் பக்கம் தீ, எந்தப் பக்கம் வழி என்று பார்க்க.

இதைச் சொன்னால் என் மனைவி, ‘அய்யோ, இதெல்லாம் தெரியாமலே இருந்திருக்கலாம்’ என்றாள். எனக்கு நேர்மாறாக இருந்தது. எதுவும் பழுதாகாது என்ற நம்பிக்கையில் இந்தத் தொழில் ஓடவில்லை. பழுதாகும் என்று வைத்துக்கொண்டே ஓடுகிறது. நமக்கு ஆபத்தின் அறிகுறியாகத் தெரிவதில் பாதிக்கு மேல், ஆபத்து வராமலிருக்கச் செய்கிற வேலை.

நீங்கள் டி.வி.யில் பார்த்த ஷார்ஜா விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு என்று தெரிந்தது. திரும்பவேண்டும். ஆனால் ஷார்ஜா வரைக்குமான எரிபொருளோடு எழுந்த விமானம் அது, இறங்குவதற்கு என்று வைத்திருக்கும் எடை வரம்பைவிடக் கனம் அதிகம். போயிங் 737-இல் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்கவேண்டும். அதனால் செக்குமாடுபோலச் சுற்றினார்கள். கீழே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நின்றன, டி.வி.யில் ‘திக் திக் நிமிடங்கள்’ என்று எழுத்து ஓடியது. அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் விமானத்தின் எடை குறைந்துகொண்டே வந்தது. திக் திக் கூடவில்லை, குறைந்தது. ராத்திரி எட்டேகால் வாக்கில் 140-க்கும் மேற்பட்ட பயணிகளோடு சாதாரணமாக இறங்கியது. நம் சேனல்கள் பதறிய அளவுக்கு அந்த விமானிகள் பதறியிருக்கமாட்டார்கள்.

அடுத்த மாதமே இன்னொன்று. நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். சென்னையில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தொடப்போகிற நேரத்தில் காற்றில் ஒருபக்கம் சாய்ந்து, அப்படியே எஞ்சினை முடுக்கி மேலே ஏறிப்போனது. அந்த வீடியோ உங்கள் வாட்ஸப்புக்கும் ‘நூலிழையில் தப்பிய விமானம்’ என்று வந்திருக்கும். அதற்குப் பெயர் கோ அரவுண்ட். சரியாக அமையவில்லை என்றால் இறங்காதே, மேலே போய் மறுபடி வா, இல்லையென்றால் வேறு ஊருக்குப் போ. விமானி அடிக்கடி ஒத்திகை பார்க்கும் பாடங்களில் அது ஒன்று. அந்தக் காற்றில் அவர்களை இறங்கவிட்டிருக்கலாமா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் ஏறிப்போனது தப்பித்தல் அல்ல, தீர்மானம். வேறு ஊருக்குப் போகவும் அதற்குமேல் அரைமணி நேரம் வட்டமிடவும் எரிபொருள் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

எஞ்சின் நின்றுபோனால்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதை நினைக்காதவர் இல்லை. ஓடுபாதையில் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் ‘வீ ஒன்’ என்று ஒரு குரல் வரும். அதுவரை தலைமை விமானியின் கை விசைப்பிடியின் மேல் இருக்கும், வேண்டாம் என்று நிறுத்திவிட. வீ ஒன் சொன்னதும் கையை எடுத்துவிடுவார். இனி நிறுத்துகிற பேச்சு இல்லை. அந்த விநாடியில் ஒரு எஞ்சின் போனாலும் மிச்சமிருக்கும் ஒன்றைக்கொண்டு எழுந்து சுற்றி வந்து இறங்க முடியவேண்டும், முடியும் என்று நிரூபித்தால்தான் அந்த விமானத்துக்கு அனுமதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில், அதாவது விமானி அறைபோலவே செய்த பயிற்சிக் கூண்டில், உட்காரவைத்து இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். வாத்தியார்களுக்கு இப்படி ஒரு தேர்வு வைத்தால் எத்தனை பேர் தேறுவோம்!

இனி குலுக்கல். என் பயத்தின் ஊற்றே அதுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு அக்டோபர் மாலை, திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்குமேல் மழைமேகம். நான் கைப்பிடியை உடைத்துவிடுவதுபோலப் பிடித்திருந்தேன். பக்கத்தில் வேலை முடித்து ஊர் திரும்பும் ஒரு விமானி, சாதாரணச் சட்டையில். கடலையைக் கொறித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை முன்னால் இருந்த தட்டில் வைத்து, “சார், என்னைப் பார்க்காதீங்க, தண்ணியைப் பாருங்க” என்றார். பார்த்தேன். நூறடி விழுந்துவிட்டோம் என்று வயிறு அலறிய நேரத்தில் பாட்டிலுக்குள் தண்ணீர் விரல்கடை அளவுக்குச் சாய்ந்து திரும்பியது. அவ்வளவுதான். அதே பாட்டிலை மணப்பாறை டவுன் பஸ்ஸில் வைத்தால் மூடி தெறித்திருக்கும். இப்போதும் குலுங்கினால் நான் பாட்டிலைத்தான் எடுக்கிறேன்.

‘ஏர் பாக்கெட்’ என்கிறார்களே, காற்றே இல்லாத பள்ளம் எதுவும் வானத்தில் கிடையாது. காற்று ஆறுபோல. மேலே ஏறும் ஓட்டம், கீழே இறங்கும் ஓட்டம், சுழி எல்லாம் உண்டு, படகு ஆடும். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியான்மருக்குமேல் மோசமாகக் குலுங்கியது. ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம். ஆறாயிரம் அடி விழுந்தது என்று செய்தி போட்டார்கள். சிங்கப்பூர் புலனாய்வாளர்கள் கருவிப் பதிவைப் பிரித்துப் பார்த்தபோது விழுந்தது 178 அடி, ஐந்து விநாடிக்கும் குறைவான நேரத்தில். ஆறாயிரம் அடி என்பது பிறகு விமானிகளே நிதானமாக இறக்கிய உயரம். விமானம் பாங்காக்கில் ஒழுங்காக இறங்கியது. அடிபட்டது பெல்ட் போடாமல் கூரையில் மோதியவர்களுக்கு. சிங்கப்பூர் வழியில் வங்கக்கடலுக்குமேல் மேகம் உண்டு, கொஞ்சம் ஆடும். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். மற்றதை விமானம் பார்த்துக்கொள்ளும்.

இறக்கை ஆடவேண்டும். ஆடாத இறக்கைதான் முறியும், நாணலும் ஆலமரமும் கதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1995-இல் போயிங் 777-இன் இறக்கையை முறியும்வரை மேல்நோக்கி வளைத்துப் பார்த்தார்கள். நான்கு ஆள் உயரத்துக்கு, ஏறத்தாழ 24 அடி வளைந்து, பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டியபிறகுதான் முறிந்தது. அந்த ஒன்றரை மடங்கு எல்லாப் பயணிகள் விமானத்துக்கும் விதி.

அகமதாபாத். அதைத் தாண்டிப் போய்விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் சமாதானமாகிவிடும். 2025 ஜூன் 12, ஏர் இந்தியா விமானம் எழுந்த அரைநிமிடத்தில் கீழே வந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். இரண்டு எஞ்சினுக்கும் எரிபொருள் போகும் சுவிட்சுகள் ஒரு விநாடி இடைவெளியில் நிறுத்த நிலைக்குப் போயின என்று முதல்கட்ட அறிக்கை சொன்னது. அதற்குமேல் யூகம் பேச எனக்குத் தகுதியில்லை, யூடியூபில் பேசுகிறவர்களுக்கும் இல்லை. விபத்து நடக்கவே நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நடந்ததை இந்தத் தொழில் மறப்பதில்லை. தமிழாசிரியரான உங்களுக்குப் பிடிக்கும் ஒன்று சொல்கிறேன். 1977-இல் டெனெரிஃப் தீவில் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம், கூடவே ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை ஒருவர் ஒரு பொருளில் சொல்ல இன்னொருவர் வேறு பொருளில் எடுத்துக்கொண்ட குழப்பம். இன்று கட்டுப்பாட்டுக் கோபுரம், கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே அந்தச் சொல்லை உச்சரிக்கும். மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று இவ்வளவு கறாராக இருக்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, இலக்கணத்தில்கூட.

இறக்கையை ஒட்டிய இருக்கையாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு. காலை விமானம் இருந்தால் நல்லது. ஏறும்போதே வாசலில் நிற்கும் பெண்ணிடம் ‘எனக்குப் பயம்மா’ என்று சொல்லிவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, நான் சொல்வேன். நடுவில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

உங்கள் வீட்டம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். மகளுக்குப் பிரசவ லேகியம் கிண்டி எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள், எனக்குத் தெரியும். அதைக் கைப்பையில் வைக்க வேண்டாம். பசைபோல இருப்பதெல்லாம் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் சோதனையில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவார்கள். நல்லெண்ணெயும் அப்படியே. இரண்டையும் பெரிய பெட்டியில், துணிக்கு நடுவில்.