அண்டார்டிகா கப்பலில் பால்கனி அறை தேவையா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 64. மனைவிக்கு 60, மூட்டுவலி உண்டு. பிள்ளைகள் சேர்ந்து எங்களை அண்டார்டிகாவுக்குச் சொகுசுக் கப்பலில் அனுப்பப் போகிறார்கள். ஏஜென்ட் இரண்டு கப்பல் சொல்கிறார். ஒன்றில் 450 பயணிகள், பால்கனி வைத்த அறை. இன்னொன்றில் 180 பேர், வெறும் ஜன்னல் அறை. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுக்கலாம்? எங்களால் முடியுமா?

பதில்: சின்னக் கப்பலை எடுங்கள் அண்ணாச்சி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அண்டார்டிகாவுக்குக் கப்பல் விடும் நிறுவனங்களின் சங்கம் ஐயாட்டோ. அதன் விதிப்படி, ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் யாரையும் கரையில் இறக்கவே முடியாது. 180 பேர் என்றால் இரண்டு அணி: ஒன்று கரையில் நடக்கும்போது மற்றது ரப்பர் படகில் பனிப்பாறைகளைச் சுற்றி வரும், அப்புறம் மாறிக்கொள்வார்கள். 450 பேர் என்றால் ஐந்து அணி. உங்கள் முறை வருவதற்குள் பாதி நாள் போய்விடும். பென்குயினைப் பால்கனியில் நின்று பார்க்கவா ஆளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கொடுக்கிறீர்கள்? ஏஜென்டிடம் உணவு, ஸ்பா பற்றியெல்லாம் கேட்க வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை முறை இறக்குவீர்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அதற்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கட்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் ஏறினால் ட்ரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். உலகிலேயே முரட்டுக் கடல்களில் அதுவும் ஒன்று. குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பலனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டே போடணும். சிலியின் புன்டா அரீனாஸில் இருந்து இரண்டு மணி நேரம் விமானத்தில் பறந்து, அண்டார்டிகாவிலேயே கப்பல் ஏறுகிற பயணமும் உண்டு. காசு கூடும், வானிலை கெட்டால் விமானம் கிளம்பாது.

அடுத்தது அம்மாவின் மூட்டு. அண்டார்டிகாவில் பயணிகள் இறங்கும் இடங்களில் பொதுவாக இறங்குதுறை இருக்காது. கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கி, கீழே அலையில் ஏறி இறங்கும் ஸோடியாக் ரப்பர் படகில் கால் வைக்க வேண்டும். படகுக்காரர் கையை நீட்டுவார். விரலைப் பிடிக்கக் கூடாது, நீங்கள் அவர் முழங்கையடியையும் அவர் உங்கள் முழங்கையடியையும் பற்றிக்கொள்ள வேண்டும். படகின் காற்றுக் குழாய் மேல்தான் உட்காருவீர்கள். கரை வந்ததும் அதன்மேலேயே நகர்ந்து, இரண்டு காலையும் வெளியே திருப்பிப்போட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி வழுக்குப் பாறையில் நடக்க வேண்டும். கரையில் உட்காரவும் முடியாது. பறவைக் காய்ச்சல் பரவியதில் இருந்து தரையில் உட்கார, மண்டியிட, பையை வைக்கத் தடை. ஆகவே ஒரு மணி நேரமாவது நின்றபடி, நடந்தபடி இருக்க முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

அதை இங்கேயே எழுதிப் பார்த்துவிடலாம். குறுக்குத்துறையில் படித்துறைப் படிகளைக் கைபிடிக்காமல் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அது சரியாக வந்தால், கொச்சியில் இருந்து லட்சத்தீவுக் கப்பலில் ஒருமுறை போய்வாருங்கள். முன் அனுமதி வாங்க வேண்டும். பல தீவுகளில் கப்பல் தள்ளி நின்றுவிடும், கடலிலேயே சிறு படகுக்கு மாற வேண்டும். பயமும் குமட்டலும் எவ்வளவு என்று அங்கே தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் கலாபகஸ் தீவுகளைப் பாருங்கள். அங்கும் படகும் கரடுமுரடான எரிமலைப் பாறையும் உண்டு, ஆனால் குளிர் இல்லை, ட்ரேக் இல்லை. கப்பலில் 100 பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள்.

மாதம் என்று கேட்டால், குஞ்சு பொரிக்கும் டிசம்பர் கடைசியும் ஜனவரியும் என் தேர்வு. திமிங்கிலம்தான் முக்கியம் என்றால் பிப்ரவரி, மார்ச். கூந்தன்குளத்தில் கொக்கு, நாரையை எவ்வளவு கிட்டத்தில் பார்த்தாலும் சரி, அண்டார்டிகாவில் பென்குயினுக்கு ஐந்து மீட்டர் விலகியே நிற்க வேண்டும். அது தானாகக் கிட்டே வந்தால் உங்கள் பாக்கியம்.

இறங்குமுன் சட்டைப்பை, ஷூ அடிப்பாகம், பை ஜிப் எல்லாவற்றையும் வாக்குவம் வைத்து உறிஞ்சச் சொல்வார்கள். வேட்டியில் ஒட்டுகிற நாயுருவி மாதிரி ஒரு விதைகூட அங்கே போய்ச் சேரக் கூடாது. அதனால் பழைய ஸ்வெட்டரைத் துவைத்து எடுத்துப்போங்கள். சைவம் என்றால் புக்கிங் போடும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில், அவசரத்தில் நோயாளியை அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவுக்கு இடம் இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். ஏஜென்ட் வரியாக முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீது பத்திரம். அர்ஜென்டினா போய்த் திரும்புகிறவர்களிடம் இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். 60 தாண்டியவர்களுக்கு அந்த ஊசியைக் கவனமாகத்தான் போடுவார்கள், எனவே இரண்டு பேருமே முதலில் டாக்டரைப் பாருங்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும்.